சமையக்கட்டுக் காய்கறி மீன்தொட்டிக்கு: எந்த மீனுக்கு எது, எத்தனை மணி நேரம்

வணக்கங்க, காரைக்குடியிலேர்ந்து பேசுறேன். இன்னைக்கு வீட்ல இருக்கிற காய், கீரை, பட்டாணி, முட்டை இதையெல்லாம் தொட்டி மீனுக்கு எப்படிக் கொடுக்கிறதுன்னு பார்க்கலாம். "அண்ணே, வெள்ளரிக்காய் போட்டேன், மறுநாள் தண்ணி வெள்ளையாக் கலங்கிருச்சு"ன்னு கமெண்ட்ல நிறையப் பேர் எழுதுறீங்க. காய் மேல தப்பு சொல்லாதீங்க. அதை எத்தனை மணி நேரம் உள்ள விட்டீங்கன்னு பாருங்க.

வெளிநாட்டு வீடியோக்கள்ல காயைப் போட்டு 24 மணி நேரம் விடலாம்பாங்க. அங்க தொட்டித் தண்ணி 24, 25 டிகிரியில இருக்கும். நம்ம பக்கம் சித்திரை, வைகாசியில 31, 32 சாதாரணமா நிக்கும். சூடு கூடக் கூட காய் சீக்கிரம் அழுகும், தண்ணியில ஆக்சிஜனும் குறையும். அழுகுறப்போ அம்மோனியா வருது. இதுல போர் தண்ணிக்காரங்க இன்னும் கவனமா இருக்கணும், அதுல பிஹெச், அதாவது தண்ணியோட காரத்தன்மை அளவு, பல சமயம் கூடுதலா இருக்கும். பிஹெச் 7, சூடு 30 டிகிரின்னா மொத்த அம்மோனியாவுல ஒரு சதவீதத்துக்கும் கம்மியாத்தான் விஷமா இருக்கும். அதே சூட்டுல பிஹெச் 8-ன்னா ஏழு சதவீதத்துக்கு மேல போயிரும். தொட்டி அதேதான், போட்ட காயும் அதேதான், விஷம் கிட்டத்தட்ட பத்து மடங்கு.

அதனால நம்ம ஊருக்கு இந்தக் கணக்கை வச்சுக்கங்க. கீரை 2 மணி நேரம். வெள்ளரி, பீர்க்கு, சுரைன்னு நீர்க்காய் 6 மணி நேரம். பரங்கி, சர்க்கரைவள்ளி மாதிரி கெட்டியானது ராத்திரி போட்டு விடிகாலைல எடுத்துறணும். மார்கழியில கொஞ்சம் கூடக் குறைய இருந்தா ஒண்ணும் ஆகாது.

முதல்ல சக்கர் மீன். கடையில "டேங்க் கிளீனர்"னு சொல்லித்தான் விப்பாங்க. கழிவைத் தின்னு தொட்டியைச் சுத்தம் பண்ணும்னு நம்பி வாங்கி, அதுக்குன்னு தீனியே போடாம விட்டுறாங்க. மத்த மீனோட கழிவை அது திங்காது. பாசியைச் சுரண்டும், அந்தப் பாசி ஒரு வாரத்துல தீர்ந்து போயிரும். அப்புறம் வயிறு உள்ள ஒட்டிப்போய், கண்ணு குழிஞ்சு கிடக்கும். காய்கறி கண்டிப்பா வேணும்னு ஒரு மீனைச் சொல்லணும்னா இதைத்தான் சொல்லுவேன்.

வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் சுக்கினிம்பாங்க. நம்ம சந்தையில அதைத் தேடி அலைய வேண்டாம், பிஞ்சுப் பீர்க்கங்காய் அதே வேலையைச் செய்யும். நரம்பைச் சீவிட்டு, ரெண்டு விரல் கனத்துல வட்டமா வெட்டுங்க. போடுறதுக்கு முன்னாடி ஒரு சின்னத் துண்டை நாக்குல வச்சுப் பாருங்க. கசந்தா தொட்டிக்கும் வேண்டாம், குழம்புக்கும் வேண்டாம். பீர்க்கு, சுரை, வெள்ளரி மூணுலயும் சில சமயம் குக்குர்பிட்டாசின்னு ஒரு கசப்பு விஷம் ஏறியிருக்கும். வேக வச்சாலும் அது போகாது.

கொதிக்கிற தண்ணியில ரெண்டு நிமிஷம், உப்பு போடக்கூடாது. எடுத்ததும் பச்சைத் தண்ணியில போட்டு ஆற வைங்க. பச்சையாவும் கொடுக்கலாம், ஆனா மிதக்கும், சின்ன வாய்க்குக் கடினமாவும் இருக்கும். வெந்நீர்ல போட்டு எடுத்தா சதை இளகும், உள்ள இருக்கிற காத்து வெளிய போய்ச் சீக்கிரம் அடியில தங்கும். அஞ்சு நிமிஷம் வேக வச்சுட்டா எடுக்கிறப்பவே பிஞ்சு கரையும், அதுவும் ஆகாது.

அடியில நிக்க வைக்க எவர்சில்வர் முள்கரண்டியை நடுவுல குத்தி விடுங்க. திரும்ப எடுக்கவும் அதுவே பிடி. பித்தளைக் கரண்டி, செப்புக் கம்பி எதுவும் தண்ணிக்குள்ள போகக்கூடாது. செம்பு கரைஞ்சா இறாலும் நத்தையும் முதல்ல சாகும், அப்புறம் மீன். இதைச் சொல்றப்போ இன்னொண்ணும் சொல்லிறேன். முற்றத்துல பித்தளை உருளியில தண்ணி ஊத்தி, பூ மிதக்க விட்டு, நாலு கப்பி மீன் விடுறது இப்ப நம்ம வீடுகள்ல ஒரு ஃபேஷன் ஆயிருச்சு. பூ மட்டும் போடுங்க. மீனுக்கு மண்தொட்டியோ கண்ணாடியோ போதும்.

சக்கருக்கு விளக்கை அணைச்சதுக்கு அப்புறம் போடுங்க, அது ராத்திரி மேயுற மீன். இதோ, கேமராவைக் கிட்டக்கக் கொண்டு போறேன். வாய் எப்படி அப்பிக்கிட்டு இருக்கு பாருங்க. கடிக்கலை, சுரண்டுது. நடுவுல விதைப்பகுதிதான் முதல்ல காலியாகுது, தோல் வளையம் மட்டும் மிஞ்சும். அந்த வளையம் வழவழன்னு ஆறதுக்குள்ள எடுத்துறணும். நாலு அங்குல மீனுக்கு ரெண்டு விரல் கனத் துண்டு ஒண்ணு, வாரத்துக்கு மூணு தடவை போதும். வெள்ளரி முழுக்கத் தண்ணி, சத்து கம்மி, அதை மட்டுமே போட்டா வளராது. பரங்கிக்காய், சர்க்கரைவள்ளி, பீன்ஸ் மாத்தி மாத்திப் போடுங்க, கூட ஆல்கி வேஃபர்னு கடையில விக்கிற பாசி வில்லைத் தீனியும் வேணும்.

இன்னொரு எச்சரிக்கை. சாதாரண சக்கர் ஒரு அடிக்கு மேல வளரும். தொட்டி பத்தலைன்னு ஊருணியிலயும் கண்மாயிலயும் கொண்டு போய் விட்டுறாதீங்க. அது அங்க பெருகி நம்ம நாட்டு மீனோட இடத்தைப் பிடிச்சுக்கும். சின்னத் தொட்டிக்கு பிரிசில்நோஸ்ங்கிற சின்ன சக்கர் வகையை வாங்குங்க, நாலஞ்சு அங்குலத்தோட நின்னுரும்.

அடுத்து கோல்டு ஃபிஷ். கெண்டைக் குடும்பம். இதுக்கு இரைப்பைன்னு தனியா கிடையாது, நீளமான குடல்தான். உலர் தீனியையே தின்னுக்கிட்டு இருந்தா, அதுலயும் உருண்டை ஒரண்டா, ரியுகின் மாதிரி வகைன்னா மலச்சிக்கல் வரும். வாலைத் தூக்கி மிதக்கும், இல்லைன்னா கழிவு வெள்ளை நூலாத் தொங்கும். அதுக்குத்தான் பட்டாணி.

பச்சைப்பட்டாணி கிடைச்சா மூணு நிமிஷம் வேக வச்சுப் பாருங்க. ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு லேசா அமுக்குனா தோல் தனியா வழுக்கும், உள்ள ரெண்டு பருப்பு வெளிய வந்துரும். தோலைத் தூக்கிப் போட்டுறணும், அதுதான் குடல்ல அடைக்கிற சமாச்சாரம். பருப்பை நசுக்கி, மீனோட கண்ணு அளவுக்குக் கிள்ளிப் போடுங்க. மூணு அங்குல மீனுக்கு ஒரு பட்டாணி, மிஞ்சிப்போனா ரெண்டு.

காய்ஞ்ச பட்டாணின்னா முந்தின ராத்திரியே ஊறப்போடணும். ஊறுன தண்ணி பச்சையா இறங்கினா அது சாயம் போட்ட பட்டாணி, அப்படியே கொட்டிருங்க. வீட்ல சீக்கிரம் வேகணும்னு ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போடுவாங்கல்ல, அது இதுக்கு ஆகாது. சுண்டலுக்கு வேக வைக்கிறதுக்கு முன்னாடியே மீனுக்குன்னு பத்து பட்டாணியைத் தனியா எடுத்துக்கங்க.

மிதக்குற மீனுக்கு முதல்ல ஒரு நாள், ரெண்டு நாள் பட்டினி போடுங்க. அப்புறம் பட்டாணி. மூணு நாள்ல சரியாகலைன்னா அது குடல் பிரச்சனை இல்லை, காற்றுப்பை கோளாறா இருக்கலாம், கிருமியா இருக்கலாம். மறுபடி மறுபடி பட்டாணி திணிக்கிறதுல பிரயோஜனம் இல்லை. மத்தபடி நல்லா இருக்கிற கோல்டுக்கு வாரம் ஒரு தடவை போதும்.

கீரை. சிறுகீரை, அரைக்கீரை, முருங்கைக்கீரை எல்லாம் ஆகும். பாலக்கை மாசத்துல ஒண்ணு ரெண்டு தடவையோட நிறுத்திக்கலாம், அதுல ஆக்ஸலேட் கூடுதல். சந்தைக் கீரையில மருந்து இருக்கும்னு வைங்க. கல்லுப்பு கரைச்ச தண்ணியில பத்து நிமிஷம் ஊற வச்சு, பச்சைத் தண்ணியில மூணு தடவை அலசணும். அரை நிமிஷம் வெந்நீர்ல காட்டி, தண்டை நூல்ல கட்டித் தொங்க விடுங்க. மோலி, பிளாட்டி கொத்திக் கொத்தித் திங்கும். மலாவி ஏரி சிக்லிட்ல பாறைப்பாசி மேயுற ம்புனா வகைக்கு இது ரொம்பப் பொருத்தம். அதுக்கு மாட்டு இதயம், கோழிக்கறி கொடுத்து வயிறு வீங்கிச் சாக விடுறவங்க இன்னமும் இருக்காங்க. மாட்டுக்கு அசோலான்னு தண்ணியில மிதக்கிற பாசி மாதிரிச் செடி வளர்க்கிற வீடுன்னா ஒரு பிடி வாங்கி, நல்லா அலசி, கோல்டுக்கும் கோய்க்கும் போடலாம்.

ஃபைட்டருக்குக் காய் வேண்டாம். அது பூச்சி திங்கிற மீன். அரவானாவும் அப்படித்தான். அதுகளுக்குக் கேரட் போட்டு "சாப்பிட மாட்டேங்குது"ன்னு வருத்தப்படாதீங்க. கொசுப்புழு ஃபைட்டருக்கு நல்ல தீனிதான், ஆனா அதுக்காக முற்றத்து அண்டாவுல தண்ணியைத் தேக்கி வைக்காதீங்க. ஒரு வாரம், பத்து நாள்ல கொசுவாப் பறந்துரும், டெங்குவுக்கு நீங்களே நாத்தங்கால் போட்ட கணக்கு.

போடவே கூடாததுன்னு பார்த்தா முதல்ல பொரி. கோயில் ஊருணியில பொரி போடுறோமே, தொட்டியில போட்டா என்னன்னு கேக்குறாங்க. ஊருணியில அவ்வளவு தண்ணிக்கு அந்தப் பொரி ஒண்ணுமே இல்லை. உங்க தொட்டி 60 லிட்டர். பொரி, சோறு, இட்லி, பிரெட், பிஸ்கட் எல்லாம் மாவு, ஊறிக் கரைஞ்சு பாக்டீரியாவுக்குத் தீனி ஆயிரும். அரிசி கழுவுன தண்ணி நம்ம செட்டிநாட்டு மண்டிக் குழம்புக்கு ருசி, தொட்டிக்கு ஆகாது. தாளிச்ச காய், மசாலா பட்ட கறி, எண்ணெய் பட்ட எதுவும் வேண்டாம். எண்ணெய் மேல படலமா நின்னா காத்து உள்ள இறங்காது. வெங்காயம், எலுமிச்சை, புளி இதெல்லாம் தொட்டிப் பக்கமே வேண்டாம்.

குஞ்சுக்கு முட்டை. நம்ம செட்டிநாட்டுப் பழைய வீடுகளோட சுவர்ப் பூச்சுக்கு வெள்ளைக்கரு போச்சு, மீன் குஞ்சுக்கு மஞ்சக்கரு போகட்டும். 12 நிமிஷம் வேக வச்சு, ஒரு உளுந்து அளவு மஞ்சக்கருவைக் கால் டம்ளர் தண்ணியில கரைச்சு, வேட்டித் துணியில வடிகட்டுங்க. 20 லிட்டர் தொட்டிக்கு அஞ்சாறு சொட்டு, காலைல ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. அரை மணி நேரத்துல அடியில தங்குனதை டியூப் வச்சு உறிஞ்சு எடுக்கணும். தண்ணியை இதைவிட வேகமாக் கெடுக்கிற தீனி கிடையாது. ஆர்ட்டீமியாங்கிற பொடி உப்புநீர் இறால் குஞ்சு கிடைச்ச அன்னைக்கே முட்டையை நிறுத்திருங்க. கப்பிக் குஞ்சுக்கு இந்தப் பாடே வேண்டாம், தூள் தீனியை நுணுக்கிப் போட்டாலே திங்கும்.

எல்லாத்தையும் சேர்த்து ஒரே தீனியா வேணும்னா கடல்பாசியில, அதாவது அகர்ல, கட்டி போடலாம். தோல் உரிச்ச பட்டாணி 50 கிராம், பரங்கி 50, கீரை 30, ஒரு நிமிஷம் வெந்நீர்ல போட்டெடுத்த இறால் 70. இறாலை ஓட்டோடயே அரைங்க, நிறம் கொடுக்கிற சத்து ஓட்டுலதான் இருக்கு, கேரட்டை மட்டும் போட்டு மீன் சிவக்காது. 200 மில்லி தண்ணியில அகர் பவுடர் 6 கிராம் போட்டு, ரெண்டு நிமிஷம் நல்லாக் கொதிக்கணும். அப்புறம் அரைச்ச விழுதுல ஊத்திக் கிண்டி, தட்டுல அரை சென்டிமீட்டர் கனத்துல பரப்புங்க. விழுது ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்த சில்லுன்னு இருந்தா அகர் உடனே திரிதிரியா இறுகிரும், அதைப் பார்த்துக்கங்க. ஜெலட்டின் வேண்டாம், நம்ம தண்ணிச் சூட்டுக்கே இளகிக் கரைஞ்சுரும். ஃப்ரீசர்ல ஒரு மாசம் இருக்கும். கரண்டு போய் உருகுனதை மறுபடி உறைய வைக்காதீங்க. ரெண்டு மூணு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவுதான் ஒரு வேளைக்கு.

இப்ப ஏற்கனவே தண்ணி கலங்கினவங்களுக்கு. மிச்சக் காயை எடுங்க. கல்லுக்கு இடையில சிக்குனதையும் உறிஞ்சு எடுங்க. மூணுல ஒரு பங்கு தண்ணியை மாத்துங்க, முனிசிபாலிட்டித் தண்ணின்னா குளோரின் நீக்கி ஊத்துங்க. ஏர் பம்பை முழுசாத் திறந்து விடுங்க. ரெண்டு நாள் தீனி கிடையாது. மறுநாளும் கலங்கல் இருந்தா இன்னொரு மூணுல ஒரு பங்கு. இந்த நேரத்துல ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில வச்சுக் கசக்கிறாதீங்க, அம்மோனியாவைத் தின்னுற பாக்டீரியா அதுலதான் இருக்கு. அடைச்சிருந்தா தொட்டியிலேர்ந்து எடுத்த தண்ணியிலயே அலசுங்க.

கேள்வி இருந்தா கமெண்ட்ல போடுங்க. தொட்டி எத்தனை லிட்டர், என்ன மீன், எத்தனை மீன், போர் தண்ணியா குழாய்த் தண்ணியா, இது நாலையும் சேர்த்துப் போடுங்க. இது தெரியாம யாரு பதில் சொன்னாலும் அது குத்துமதிப்புதான்.