முழு ஆல்பமும்தான் நிக்குது! – 'மெஷின் ஹெட்' பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில உக்காந்திருக்குற அண்ணன் அக்காமாருக்கும், இவ்வளவு நேரம் ஆகியும் எந்திரிச்சுப் போகாத ராக் ரசிகர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்ப ஒரு தடவ சொல்லிடுறேன், பின்னாடி வந்து சேந்தவங்களுக்காக. டீப் பர்ப்பிள்ங்கிற அஞ்சு பேர் சேந்த இங்கிலாந்து ராக் குழுவோட 'மெஷின் ஹெட்', 1972 மார்ச்ல வந்த ஆல்பம், அம்பது வருசம் தாண்டியும் ரசிகன் மனசுல நிக்குதே, அதுக்குக் காரணம் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'ங்கிற ஒரே பாட்டா, இல்ல ஏழு பாட்டும் சேந்த முழு ஆல்பமா? நான் முழு ஆல்பம்தான்னு பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசின அண்ணன் ரெண்டு விஷயத்த அழுத்திச் சொன்னார். கிடாரக் கையில எடுக்குற எவனும் மொதல்ல வாசிச்சுப் பாக்குறது அந்தப் பாட்டோட ரிஃப்ப, அதாவது திரும்பத் திரும்ப வர்ற அந்தச் சின்ன கிடார் மெட்டத்தான்னார். அமெரிக்காவுல இந்த ஆல்பத்தத் தூக்கி விட்டதே அந்தப் பாட்டுதான்னார். கைதட்டல் பிச்சுக்கிட்டுப் போச்சு, நானும் தட்டினேன், ஏன்னா ரெண்டுமே உண்மை. ஆனா அந்த உண்மைய வச்சுக்கிட்டு அவர் போய்ச் சேந்த எடம் இருக்கு பாருங்க, அங்கதான் நடுவர் அவர்களே நான் மறிக்கிறேன்.

மொதல்ல வருசத்தப் பாப்போம். ஆல்பம் வந்தது 1972. வந்த கொஞ்ச நாள்லயே இங்கிலாந்துல நம்பர் 1. அப்ப இந்த ஆல்பத்துலருந்து சிங்கிளா, அதாவது தனி ரெக்கார்டா, வந்த பாட்டு எது தெரியுமா? 'நெவர் பிஃபோர்'. ஸ்மோக் ஆன் த வாட்டர் அமெரிக்காவுல சிங்கிளா வந்து சார்ட்ல 4-வது எடத்துக்குப் போனது 1973-ல. அப்படின்னா இங்கிலாந்துக்காரன் 72-ல கடைக்குப் போய் காசு குடுத்து எதை வாங்கினான்? இன்னும் சிங்கிளாவே வராத ஒரு பாட்டுக்காகவா முழு எல்பிய வாங்கிட்டுப் போனான்? அமெரிக்காக்காரன் பாட்டக் கேட்டுட்டு ஆல்பத்துக்கு வந்தான், சரி, ஒத்துக்குறேன். வந்தவன் ஏன் அங்கயே தங்கினான், அதத்தான நம்ம தலைப்பு கேக்குது?

ராஜகோபுரத்த ரோட்டுலருந்தே கும்பிட்டுட்டுப் போறவங்க நெறைய பேர் உண்டு, அவங்க பக்தியில கொறை சொல்ல மாட்டேன். ஆனா வருசா வருசம் திரும்பி வர்றவன் ஒரு தடவையாவது உள்ள போய்ப் பாத்தவன்தான்.

சரி, உள்ள போவோம். 1971 டிசம்பர், சுவிட்சர்லாந்துல மான்ட்ரூ, ஜெனீவா ஏரிக்கரை ஊர். இவங்க ஏன் அங்க போனாங்க? ஸ்டுடியோக்குள்ள ஒவ்வொருத்தனா அடைபட்டு வாசிச்சா மேடையில வர்ற அந்த சூடு வர மாட்டேங்குதுன்னு அவங்களுக்குக் கொற. குளிர்காலத்துக்கு மூடப்போற கசினோ அரங்கத்துல மேடையில வாசிக்கிற மாதிரியே வாசிச்சு, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவோட மொபைல் ஸ்டுடியோ வண்டிய வெளிய நிறுத்தி பதிவு பண்ணிக்கலாம்னு திட்டம். டிசம்பர் 4, அந்த கசினோவுல அமெரிக்க ராக் கலைஞர் ஃப்ராங்க் ஸாப்பாவோட கச்சேரி, இவங்களும் கூட்டத்துல இருக்காங்க, யாரோ ஒருத்தன் ஃப்ளேர் கன்ன, அதாவது தீப்பொறி விடுற சிக்னல் துப்பாக்கிய, மேல பாத்துச் சுட, கூரை பத்திக்கிச்சு, கசினோ முழுக்க எரிஞ்சு போச்சு. ஏரி மேல பொகை படர்ந்துச்சு. க்ளாட் நாப்ஸ், மான்ட்ரூ ஜாஸ் விழாவ நடத்தின மனுசன், உள்ள ஓடி ஓடிப் பசங்கள வெளிய இழுத்துட்டு வந்தார், பாட்டுல வர்ற 'ஃபங்கி க்ளாட்' அவர்தான்.

இதெல்லாம் அண்ணனும் சொன்னார். ஆனா தீயோட நிறுத்திட்டார். தீக்கு அப்புறம் நடந்ததுதான் என் கட்சி.

பெவிலியன்னு ஒரு பழைய தியேட்டர நாப்ஸ் புடிச்சுக் குடுக்குறார். ராத்திரி வாசிக்க ஆரம்பிச்சா ஊரே முழிச்சுக்கிச்சு, அக்கம்பக்கத்துக்காரங்க புகார், போலீஸ் வந்து கதவ இடிக்குது, கூட வந்த ரோடிங்க, அதான் குழுவோட சாமான் தூக்குற உதவியாளருங்க, உள்ளருந்து கதவ அமுக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்க, உள்ள ஒரு பாட்டோட அடிப்படை ட்ராக் மட்டும் முடிஞ்சுது. நீங்க சொல்ற அதே பாட்டு. அப்புறம் தொரத்தி விட்டுட்டாங்க. கடைசியா கிடைச்சது கிராண்ட் ஹோட்டல், சீசன் முடிஞ்சு காலியா பூட்டிக் கிடந்த கட்டடம், உள்ள எலும்பு வரைக்கும் குளிரு. அந்த ஹோட்டல் வராந்தாவுல ஆம்ப்பயும் ட்ரம்ஸையும் போட்டு, சத்தம் எதிரொலிக்காம இருக்க மெத்தைய எடுத்து சுவத்தோரம் சாத்தி, மிச்சம் ஆறு பாட்டயும் அங்கதான் வாசிச்சாங்க.

இப்ப ஒண்ணு சொல்றேன், இத மட்டும் நடுவர் கொஞ்சம் குறிச்சு வச்சுக்கணும். வாசிச்ச டேக்க, அதாவது பதிவான வாசிப்ப, கேட்டுப் பாக்கணும்னா வெளிய நிக்கிற வண்டிக்குப் போகணும். நேர் வழி கிடையாது. ரூம் வழியா, பாத்ரூம் வழியா, பால்கனி வழியா, படி எறங்கி, பனியில நடந்து போய் கேட்டுட்டு அதே வழியா திரும்பி வரணும். ரெண்டு மூணு தடவ போனவங்க அப்புறம் போறதையே விட்டுட்டாங்க. வாசிச்சாச்சா, அஞ்சு பேருக்கும் சரின்னு தோணுச்சா, அடுத்த பாட்டு! வண்டியில உக்காந்திருந்த இஞ்சினியர் மார்ட்டின் பர்ச்ச முழுசா நம்பினாங்க, ஒருத்தர ஒருத்தர் அதுக்கும் மேல நம்பினாங்க. இந்த ஆல்பத்துல நம்ம காதுல விழுறது அந்த நம்பிக்கைதான். தீட்டித் தீட்டி மழுங்கிப் போகாத வாசிப்பு, ஒருத்தன் எடுத்தத இன்னொருத்தன் அந்த நிமிசத்துலயே புடிச்சுக்குற வாசிப்பு. அது ஒரு பாட்டுல மட்டும் இருந்தா உங்க பேச்சு சரி, ஆனா ஏழுலயும் இருக்கே?

'ஹைவே ஸ்டார்' எடுத்துக்குங்க. இங்கிலாந்துல போர்ட்ஸ்மவுத்துக்குப் போற பஸ்ல, நீங்க பாட்டெல்லாம் எப்படி எழுதுறீங்கன்னு ஒரு பத்திரிகைக்காரர் கேக்க, குழுவோட கிடார்காரர் பிளாக்மோர் அங்கயே கிடார எடுத்து ஒரே நோட்ட ஓட்ட, பாடகர் கில்லன் வாய்க்கு வந்த வரியப் பாட, அன்னைக்கு ராத்திரியே மேடை ஏறின பாட்டு அது. ரெக்கார்டுல அதோட ஆரம்பத்தக் கேளுங்க, ரோஜர் க்ளோவரோட பேஸ் கிடார் தடதடன்னு ஒரே எடத்துல துடிச்சுக்கிட்டு இருக்க, ஒவ்வொருத்தரா வந்து ஏறுவாங்க, பாட்டு தொடங்குறதுக்குள்ளயே நம்ம கால் தாளம் போட ஆரம்பிச்சுடும். நடுவுல ஜான் லார்டோட ஆர்கன் சோலோ, அப்புறம் பிளாக்மோரோட கிடார் சோலோ. அந்த கிடார் சோலோ வேகத்துக்காக வேகம் காட்டுறது இல்ல, பழைய ஜெர்மன் இசை மேதை பாக்கோட இசையில வர்ற மாதிரி கார்டு நடைய கீழ விரிச்சு வச்சு, நோட் நோட்டா முன்னாடியே யோசிச்சு வாசிச்சது. அதனாலதான் அந்த சோலோவ வாயாலயே பாடிக் காட்ட முடியுது, இங்க உக்காந்திருக்குறவங்கள்ல பாதிப் பேரு பாடுவீங்கன்னு எனக்குத் தெரியும். பின்னாடி வந்த வேகமான மெட்டல் பாட்டுக்கெல்லாம் இது மூதாதைகள்ல ஒண்ணுன்னு நான் தைரியமா சொல்லுவேன்.

இப்ப உங்க பாட்டுக்கே வர்றேன். அந்த ரிஃப் கிடாரோடது மட்டும்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம். ஹெட்ஃபோன் போட்டு மெதுவா கேளுங்க. மொதல்ல பிளாக்மோர் தனியா, தந்திய மீட்டுற பிக் இல்லாம விரலாலயே ரெண்டு தந்தியச் சேத்துச் சுண்டுறார், அதான் அந்த சத்தம் வெட்டின மாதிரி விழுது. அப்புறம் ட்ரம்ஸ் வாசிக்கிற இயன் பெய்ஸோட ஹை-ஹாட் தாளத்தட்டும் ஆர்கனும் சேருது. ஜான் லார்ட் ஹாமண்ட் ஆர்கன கிடாருக்குப் போடுற மார்ஷல் ஆம்ப்ல சொருகி வாசிச்ச மனுசன், அதனால ஆர்கன் எது கிடார் எதுன்னு பிரிக்க முடியாம ஒட்டிக்கும். அதுக்கப்புறம் முழு ட்ரம்ஸ், கடைசியா பேஸ், பேஸ் விழுந்த அந்த எடத்துலதான் பாட்டுக்குத் தரையே கிடைக்குது. புதுசா கிடார் கத்துக்குற பையன் வாசிக்கும்போது நோட்டெல்லாம் சரியா இருந்தும் ஏன் அது ரெக்கார்டு மாதிரி கேக்க மாட்டேங்குது? மிச்சம் நாலு பேர் அங்க இல்ல! பாட்டு பேரு கூட கிடார்காரர் வச்சது இல்ல, தீப்புடிச்ச சில நாள் கழிச்சு தூக்கத்துலருந்து முழிக்கும்போது க்ளோவர் வாயிலருந்து வந்தது. அந்தப் பாட்டு சொல்ற கதையே இந்த ஆல்பம் எப்படி உருவாச்சுங்கிறதுதான். இந்த ஆல்பம் இல்லாம அந்தப் பாட்டுக்குச் சொல்றதுக்கு என்னங்க இருக்கு?

'நெவர் பிஃபோர்' இதுல கொஞ்சம் சாதாரணமான பாட்டுதான், அதுக்காக நான் வாதாட மாட்டேன். ஆனா 'மேபி ஐம் எ லியோ'வுல ரிஃப் மொதல் தட்டுல விழாம தள்ளி விழுற அழகு, 'பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்'ல திடீர்னு எல்லாரும் ஒதுங்கி பேஸுக்கு வழி விடுற எடம், இதெல்லாம் ரேடியோவுல ஒரு பாட்டக் கேட்டுட்டுப் போறவனுக்குக் கிடைக்காது. 'லேஸி' ஏழு நிமிசத்துக்கு மேல ஓடுது. ஆர்கன் தனியா உறுமிக்கிட்டே வந்து, ப்ளூஸுக்குள்ள நொழஞ்சு, கிடாரும் ஆர்கனும் மாறி மாறிப் பேசி முடிச்சு, கில்லன் வாயத் தொறக்குறதுக்கே பாட்டுல பாதிக்கு மேல ஆயிடும், நடுவுல அவரே மவுத் ஆர்கனும் வாசிப்பார். ஹிட்டு குடுக்கணும்னு மட்டும் நெனச்சவங்க இந்த மாதிரி ஒரு பாட்ட விட்டு வச்சிருப்பாங்களா?

வேணாம்னு ஒதுக்குனதயும் பாருங்க. அதே நாட்கள்ல 'வென் எ ப்ளைன்ட் மேன் க்ரைஸ்'னு மனச உருக்குற ஒரு மெதுவான பாட்டையும் பதிவு பண்ணாங்க. ஆல்பத்துல சேக்கல, சிங்கிளோட பின்பக்கத்துல போட்டுட்டாங்க. எனக்கு உயிரான பாட்டு அது. ஆனாலும் மொதல் பாட்டு ஹைவே ஸ்டார்ல ஏறி கடைசிப் பாட்டு ஸ்பேஸ் ட்ரக்கின்ல எறங்குற அந்த ஓட்டத்துல அது எங்கயும் ஒக்காராதுன்னு கேக்கக் கேக்கத் தெரியுது.

கொஞ்ச நேரம்தான் இருக்குன்னு நடுவர் சைகை காட்டுறார், சீக்கிரம் முடிச்சுக்குறேன். 1972 ஆகஸ்ட்ல ஜப்பான்ல இவங்க வாசிச்ச கச்சேரிங்க 'மேட் இன் ஜப்பான்'னு லைவ் ஆல்பமா வந்துச்சு. அதுல மொத்தம் ஏழு பாட்டு, நாலு பாட்டு மெஷின் ஹெட்லருந்து: ஹைவே ஸ்டார், ஸ்மோக் ஆன் த வாட்டர், லேஸி, ஸ்பேஸ் ட்ரக்கின். ஒரு பாட்டு ஆல்பத்துலருந்து மேடைக்கு நாலு பாட்டு எப்படிங்க போகும்?

அதுக்கு நாப்பது வருசம் கழிச்சு, 2012-ல, இந்த ஆல்பத்துக்கு மரியாதை செய்யணும்னு பெரிய பெரிய ஆளுங்க ஒண்ணு சேந்தாங்க, 'ரீ-மெஷின்ட்'னு பேரு. சன்டானா ஸ்மோக் ஆன் த வாட்டர எடுத்தார், அத மறைக்க மாட்டேன். ஆனா ஐயர்ன் மெய்டன் வந்தது ஸ்பேஸ் ட்ரக்கினுக்கு. ஜோ போனமாஸாவும் ஜிம்மி பார்ன்ஸும் வந்தது லேஸிக்கு. நான் சாதாரணம்னு சொன்ன நெவர் பிஃபோருக்குக் கூட ஆள் வந்தாங்க. மெட்டாலிகா எதுக்கு வந்தாங்க தெரியுமா நடுவர் அவர்களே? அந்த ஒதுக்கி வச்ச பாட்டுக்கு, வென் எ ப்ளைன்ட் மேன் க்ரைஸுக்கு! ஆல்பத்துலயே எடம் கிடைக்காத பாட்டக் கூட விட மனசில்லாம தேடி எடுத்துப் பாடியிருக்காங்க. ஒரே பாட்டுதான் எல்லாம்னா இத்தன பேரும் மிச்சப் பாட்டுக்குப் பின்னாடி ஏன் ஓடினாங்கன்னு அடுத்து பேச வர்ற எதிரணி அக்கா பதில் சொல்லட்டும். வணக்கம்.