ஷாப்லியின் குளிர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பாரிஸிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 180 கிலோமீட்டர் போனால் ஷாப்லி என்ற சிற்றூர் வரும். பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில், வடகோடியில் தனியாக ஒதுங்கிக் கிடக்கிற ஊர். ஸெரேன் என்ற சின்ன ஆறு ஊரை ஒட்டி ஓடுகிறது. அதன் இரு கரைகளிலும் மேட்டுச் சரிவுகள், சரிவெங்கும் திராட்சைக் கொடிகள். அங்கே தயாராகும் வெள்ளை ஒயினுக்கும் ஊரின் பெயர்தான். இந்த ஒயினைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லில் தொடங்கிக் கல்லிலேயே முடிப்பார்கள். நான் நிலவியல் படித்தவன். கல் மீது எனக்கும் தீராத பிரியம் உண்டு. ஆனாலும் ஷாப்லியின் ருசிக்குக் கல்லைவிடக் குளிரே பெரிய காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் அந்த ருசியைச் சொல்லிவிடுகிறேன். வெளிறிய மஞ்சள் நிறம், இளம் ஒயினில் லேசாகப் பச்சை ஓடும். மூக்கருகே கொண்டுபோனால் எலுமிச்சை, பச்சை ஆப்பிள், கொஞ்சம் ஈரச் சுண்ணாம்பு. ஒரு வாய் பருகினால், பச்சை மாங்காயைக் கடித்தால் ஊறுகிற மாதிரி நாக்கின் இரு ஓரமும் ஊறும். இனிப்பு கிடையாது. விழுங்கிய பிறகு மெல்லிய உப்புச் சாயல் ஒன்று வாயில் நிற்கும். அதனால்தான் சிப்பி உணவோடு இதைப் பருகுவது அங்கே நெடுநாள் வழக்கம்.

இதற்குப் பயன்படும் திராட்சை ஒன்றே ஒன்றுதான், ஷார்டனே. உலகம் முழுக்கப் பயிராகிற வகை. கலிஃபோர்னியாவின் வெப்பமான பள்ளத்தாக்கு ஒன்றில் அதையே நட்டு, புதிய ஓக் பீப்பாயில் வைத்தால் பீச், அன்னாசி, வெண்ணெய் என்று கொழுகொழுவென்று வேறொரு ஒயின் கிடைக்கும். அதுவும் நல்ல ஒயினாக இருக்கலாம். ஆனால் கொடி ஒன்றாக இருந்தும் ருசி இவ்வளவு மாறுகிறதே, அந்த மாற்றத்துக்குக் காரணமான எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பிரெஞ்சுக்காரர்கள் டெர்வார் என்கிறார்கள். மண், சரிவு, வெயில், காற்று, அங்கே உழைக்கிறவர்களின் பழக்கம் எல்லாமே அதில் அடங்கும்.

சரி, கல்லுக்கு வருவோம். ஷாப்லியின் நல்ல சரிவுகளில் இருப்பது கிம்மரிட்ஜியன் எனப்படும் களிமண் கலந்த சுண்ணாம்பு மண். இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையில் உள்ள கிம்மரிட்ஜ் கிராமத்தின் பெயரால் வந்தது அது. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில், இந்த இடம் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல். அதில் வாழ்ந்த விரல்நகம் அளவுள்ள சிப்பிகள் கோடிக்கணக்கில் மண்ணாகிப் படிந்தன. இன்றும் கொடிகளுக்கு நடுவே ஒரு கல்லை எடுத்துப் பார்த்தால், காற்புள்ளி போல வளைந்த அந்தச் சிப்பிகள் நெருக்கமாக ஒட்டியிருக்கும்.

மண்ணில் சிப்பி, ஒயினில் கடலின் உப்பு. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் வேர் கல்லின் ருசியை உறிஞ்சிப் பழத்துக்குக் கொண்டுபோவதில்லை. தண்ணீரில் கரைந்த ஊட்டச்சத்துகளைத்தான் அது எடுக்கும். வேல்ஸ் நாட்டு அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் இதைப் பல ஆண்டுகளாக விளக்கிவருகிறார். நானும் அவர் பக்கம்தான். அப்படியானால் கல்லுக்கு வேலையே இல்லையா? உண்டு. மழை மிகுந்தால் சுண்ணாம்பு நீரை வடியவிடும், வறண்டால் களிமண் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கொடி மூழ்குவதுமில்லை, காய்வதுமில்லை. அது பெரிய உதவி. ஆனால் வாயில் ஊறுகிற அந்தப் புளிப்பு கல்லிலிருந்து வருவதல்ல.

அது குளிரிலிருந்து வருகிறது. ஷாப்லி 48ஆவது வடக்கு அட்சரேகையை நெருங்கி இருக்கிறது. பர்கண்டியின் மற்ற புகழ்பெற்ற தோட்டங்களைவிட ஷாம்பெயின் பகுதியின் தென்கோடித் தோட்டங்களே இதற்குப் பக்கம். திராட்சை பழுக்கும்போது சர்க்கரை ஏறும், அமிலம் இறங்கும். இரவுகள் வெப்பமாக இருந்தால் பழத்தின் மாலிக் அமிலம் வேகமாகச் செலவழிந்துவிடும். ஷாப்லியின் குளிர்ந்த இரவுகளில் அது மெதுவாகவே குறைகிறது. ஒயின் நொதித்த பிறகு, அங்கே பெரும்பாலோர் எஞ்சிய மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாறவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் அந்தக் கூர்மை மிஞ்சுகிறது என்றால், தொடக்கத்தில் எவ்வளவு அமிலம் இருந்திருக்க வேண்டும்!

ருசியைத் தருகிற அதே குளிர்தான் விளைச்சலையும் அழிக்கிறது. ஏப்ரலில் கொடி துளிர்விடும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி ஆற்றுப் பள்ளத்தில் தேங்கும். சுழியத்துக்குக் கீழே சில டிகிரி போனாலே இளந்துளிர் கருகிவிடும். 1957இல் உறைபனி ஷாப்லியில் ஏறக்குறைய எதையும் விட்டுவைக்கவில்லை. 2016இலும் 2021இலும் மறுபடி கடுமையான அடி.

அந்த இரவுகளில் ஊர் தூங்காது. கொடிவரிசைகளுக்கு நடுவே மெழுகு வாளிகளை வைத்து விடியும்வரை எரிப்பார்கள், ஒரு ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில். இன்னொரு வழி விசித்திரமானது. தெளிப்பான்களால் கொடி முழுவதும் தண்ணீரைத் தூவுவார்கள். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். தூவல் நிற்காமல் நடந்தால் பனிக்கட்டிக்குள் துளிர் சுழியம் டிகிரிக்குப் பக்கத்திலேயே இருந்து பிழைத்துக்கொள்ளும். நடுவில் தண்ணீர் நின்றால் போச்சு, தூவாமல் விட்டதைவிட மோசம். இதற்காகவே பெய்ன் கிராமத்தருகே ஒரு செயற்கை ஏரி வெட்டியிருக்கிறார்கள். டெர்வார் பற்றிப் பேசும்போது இந்த மனித உழைப்பை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த உழைப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. அருகிலுள்ள போன்டினியில் 1114இல் மடம் அமைத்த சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவச் சபைத் துறவிகள் ஷாப்லியில் திராட்சை வளர்த்தார்கள். ஓஸேர் படகுத்துறையிலிருந்து யோன் ஆற்று வழியாக ஒயின் பாரிஸ் போனது. 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்து, தெற்கத்தி ஒயினை மலிவாகப் பாரிஸுக்குக் கொண்டுவந்தது. அப்புறம் கொடியின் வேரைத் தாக்கும் ஃபிலாக்ஸெரா பூச்சி, பிறகு போர்கள். 1950களில் ஷாப்லியில் எஞ்சியது 500 ஹெக்டேர் போலத்தான். இன்று 5,000 ஹெக்டேருக்கு மேல். அவ்வளவு தேய்ந்து மறுபடி எழுந்திருக்கிறது.

ஷாப்லியில் நான்கு தரங்கள் உண்டு: பெத்தி ஷாப்லி, ஷாப்லி, ப்ரெமியே க்ரூ, க்ராண்ட் க்ரூ. உச்சியில் உள்ள க்ராண்ட் க்ரூ மொத்தமே சுமார் 100 ஹெக்டேர்தான். ஊருக்கு எதிரே, ஆற்றின் வலக்கரையில் ஒரே சரிவு. லே க்ளோ, வால்மூர் என ஏழு பெயருள்ள துண்டுகள் அதில் இருக்கின்றன. அதே கிம்மரிட்ஜியன் மண் தர வரிசையில் கீழே உள்ள பல தோட்டங்களிலும்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சரிவு தென்மேற்கைப் பார்த்து நிற்கிறது, பிற்பகல் வெயில் நேராக விழுகிறது. குளிர் நாட்டில் வெயில்தான் செல்வம். ஷாப்லியின் தர வரிசையில் பெரும்பகுதியை வெயிலின் கணக்காகவே படிக்கலாம்.

அந்தக் கணக்கு இப்போது மாறிவருவதுதான் கவலை. செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் நடந்துவந்த அறுவடை, 2003, 2020 போன்ற ஆண்டுகளில் ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. குளிர்காலம் மிதமானால் கொடி சீக்கிரம் துளிர்க்கும், உறைபனியோ பழையபடி ஏப்ரலில் வந்து நிற்கும். கோடையில் அமிலம் குறையும் அபாயம், வசந்தத்தில் துளிர் கருகும் அபாயம், இரண்டும் சேர்ந்தே வருகின்றன. வெயில் மிகுந்த சரிவுகளில், எந்த நாளில் பறிப்பது என்ற முடிவே ஒயினைத் தீர்மானிக்கிறது. இரண்டு நாள் தாமதித்தாலும் கூர்மை போய்விடலாம்.

ஒயின் பருகும் பழக்கம் உள்ள நேயர்களுக்கு ஒரு யோசனை. ஷாப்லியை அளவுக்கு மீறிக் குளிர வைக்காதீர்கள், 10 அல்லது 11 டிகிரி போதும். அதற்குக் கீழே வாசனை அடங்கிப்போகும். சாதாரண ஷாப்லி ஒன்றையும், அதே ஆண்டின் ப்ரெமியே க்ரூ ஒன்றையும், முடிந்தால் வலக்கரைச் சரிவான ஃபூர்ஷோமை, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசித்துப் பாருங்கள். முதலாவதில் புளிப்பு முன்னால் நிற்கும். இரண்டாவதில் அதே புளிப்பைச் சுற்றிப் பழம் கொஞ்சம் சதைபிடித்திருக்கும். ஒரு சரிவுக்குக் கூடுதலாகக் கிடைத்த வெயிலை அங்கே நாக்கிலேயே உணரலாம்.

நன்றி, வணக்கம்.