தள்ளி நின்று பார்க்க இடம் விட்ட ஊர்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, பிள்ளைகுட்டிகளோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம். 'மனதை அள்ளும் ஸ்கைலைன் நியூயார்க்குக்கா, சிகாகோவுக்கா?' என்ற இன்றைய தலைப்பில், சிகாகோவுக்கே என்று பேச வந்திருக்கிறேன். ஸ்கைலைன் என்றால், தள்ளி நின்று பார்க்கும்போது வானத்தை ஒட்டித் தெரியும் கட்டடங்களின் வரிசை.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு கணக்கைச் சொல்லிவிட்டுப் போனார். 150 மீட்டரைத் தாண்டிய கட்டடங்கள் சிகாகோவில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் நியூயார்க்கில் இருக்கின்றன. நாட்டிலேயே உயரமான ஒன் வேர்ல்ட் டிரேட் சென்டர், 541 மீட்டர், அதுவும் அங்கேதான். அப்புறம் எதற்குப் பேச்சு என்று கேட்டார். கணக்கு சரிதான், மறுக்கவில்லை. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை 1930 மார்ச்சில் தொடங்கி 1931 மே மாதம் திறந்தார்கள். 102 மாடி! அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் ஐயா, கூடை நிறைய உதிரிப்பூ கொட்டிக் கிடப்பது வேறு, அதையே சரமாகத் தொடுத்து வைப்பது வேறு. தொடுக்கும்போது பூவுக்கும் பூவுக்கும் நடுவே இடம் விட வேண்டும். எங்கே நெருக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தெரிந்த கைதான் நல்ல கை. கட்டடங்களுக்கும் அப்படித்தான். அதோடு, அந்தச் சரத்தைப் பார்க்கிறவன் தள்ளி நிற்கவும் ஓர் இடம் வேண்டாமா?

மன்ஹாட்டனில் 57ஆம் தெருவில் ஒரு கட்டடம். உயரம் 435 மீட்டர், அகலம் 18 மீட்டர்தான். அதன் அடியில் நின்று நான் அண்ணாந்து பார்த்தேன். கழுத்துதான் வலித்தது, உச்சி கண்ணில் படவில்லை. முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் ஆற்றைத் தாண்டி புரூக்ளினுக்குப் போ, இல்லையென்றால் மாநிலமே மாறி நியூ ஜெர்சிக்குப் போ என்கிறார்கள். தன் முகத்தைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக் கண்ணாடியைத் தேடிப் போவது போலத்தானே இது? சென்ட்ரல் பார்க் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதன் தெற்கே எழுந்த இதுபோன்ற ஊசிக் கட்டடங்களின் நிழல், குளிர்கால மதியத்தில் அதே பூங்காவின் மேல்தான் நீளமாக விழுகிறது.

இப்போது சிகாகோவுக்கு வாருங்கள். 1836ஆம் ஆண்டு. நகரம் என்றே சொல்ல முடியாத சின்ன ஊர். மிச்சிகன் ஏரிக்கரை மனைகளை விற்க ஒரு வரைபடம் போட்டார்கள். அதில் கரையோரத்தை அடையாளம் காட்டி, 'இது பொது நிலம். என்றென்றும் திறந்தவெளியாக இருக்க வேண்டும். எந்தக் கட்டடமும் எந்தத் தடையும் வரக் கூடாது' என்ற பொருளில் எழுதி வைத்தார்கள்.

எழுதியது காகிதத்தோடு போயிருக்கும், ஒரு மனிதர் மட்டும் இல்லாவிட்டால். அவர் மாண்ட்கோமரி வார்டு, தபால் வழியாகப் பொருள் விற்ற வியாபாரி. அவருடைய அலுவலக ஜன்னலிலிருந்து ஏரிக்கரை தெரியும். ஆனால் 1890 வாக்கில் அங்கே கொட்டகையும், குப்பையும், சரக்கு ரயில் பெட்டியுமாகக் கிடந்தது. போதாதென்று நகர நிர்வாகம் அங்கேயே பெரிய கட்டடங்களை எழுப்பத் திட்டம் போட்டது. வார்டு அந்தப் பழைய வரைபடத்தை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். ஒரு வழக்கு, இரண்டு வழக்கு இல்லை. 1890 முதல் 1911 வரை திரும்பத் திரும்பப் போனார். ஊரின் பெரிய மனிதர்கள் எதிர்த்தார்கள், பத்திரிகைகள் திட்டின. மியூசியம் வருவதைக் கெடுக்கிறானே என்று ஆத்திரப்பட்டார்கள். அவர் விடவில்லை. கடைசியில் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்த இடம்தான் இன்றைய கிராண்ட் பார்க். ஃபீல்டு மியூசியம் அதன் தெற்கே தள்ளிப் போய் எழுந்தது.

நடுவர் அவர்களே, என் வாதத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நாட்டிலேயே விலை உயர்ந்த மண்களில் ஒன்றை ஒரு ஊர் காலியாக விட்டிருக்கிறது. ஏரி, அப்புறம் புல்வெளி, அதன் பின்னால் மிச்சிகன் அவென்யூவில் சுவர்போல ஒரு வரிசை, அதற்கும் பின்னால் ஏறி இறங்கும் கோபுரங்கள். பார்ப்பவனுக்கும் கட்டடத்துக்கும் நடுவே குறுக்கிட ஒன்றுமில்லை.

சரி, இடம் விட்டால் போதுமா, கட்டடம் சிறக்க வேண்டாமா என்று எதிரணியின் தங்கை கேட்டார். நல்ல கேள்வி. 1871 அக்டோபரில் தீப்பிடித்து இந்த ஊரின் நடுப்பகுதியே சாம்பலானது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். திரும்பக் கட்ட வேண்டிய கட்டாயம் வந்தது. மன்ஹாட்டனுக்கு அடியில் பாறை, சிகாகோவுக்கு அடியில் களிமண். அந்தக் களிமண் மேலே எப்படி உயரமாகக் கட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொண்ட ஊர் இது.

ஜாக்சன் தெருவில் மொனாட்நாக் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. போனால் தொட்டுப் பாருங்கள். 1891இல் முடிந்த அதன் வடபாதி பதினாறு மாடி, பாரம் முழுவதையும் செங்கல் சுவரே தாங்குகிறது. அடியில் சுவரின் கனம் ஆறடி! ஜன்னல் ஓரத்தில் கையை முழுசாக நீட்டினேன், பாதிச் சுவரைக்கூடத் தாண்டவில்லை. இரண்டே வருடத்தில் ஒட்டிக் கட்டிய தென்பாதிக்கு எஃகுச் சட்டகம் வந்துவிட்டது, சுவர் மெலிந்துவிட்டது. கட்டடக் கலை ஒரு யுகம் தாண்டியதை ஒரே நடைபாதையில், நாலடி நடந்து பார்க்கலாம்.

நம் பக்கத்து மண்ணில் பிறந்த ஒருவரைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன். ஃபஸ்லூர் ரஹ்மான் கான், கட்டடப் பொறியாளர். இன்றைய வங்கதேசத்தில் 1929இல் பிறந்தவர், 1952இல் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தார். கட்டடம் உயர உயரக் காற்று தள்ளும். அதைத் தாங்க உள்ளே எஃகைக் குவித்துக்கொண்டே போனால் செலவு மிஞ்சிவிடும். வெளிச்சுவரையே ஒரு குழாய்போல இறுக்கிவிடலாம் என்றார் கான். சிகாகோவில் அவர் கைவண்ணமான ஹான்காக் கோபுரத்தில் வெளியே தெரியும் பெரிய பெருக்கல் குறிகள் அலங்காரத்துக்கு வைத்தவை இல்லை, காற்றைத் தாங்குபவை. அதே ஊரில் 1973இல் உச்சி எட்டிய சியர்ஸ் கோபுரத்துக்கு ஒன்பது குழாய்களைச் சேர்த்துக் கட்டினார். பாதியளவில் இரண்டு நின்றுவிடும், அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று, கடைசி இரண்டு மட்டும் 442 மீட்டர் வரை போகும். அதனால்தான் கிழக்கே நின்று பார்த்தால் ஒரு வடிவம், மேற்கே போனால் இன்னொரு வடிவம். 1998 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் அது. இன்று வில்லிஸ் கோபுரம் என்று பேர் மாற்றிவிட்டார்கள், ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் சியர்ஸ்தான். அதன் காலடித் தெருமுனையில் கானின் பேரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நியூயார்க்கின் பெருமையாக அண்ணன் சொன்ன சீகிராம் கட்டடம் இருக்கிறதே, அதை வடிவமைத்த மீஸ் வான் டெர் ரோ சிகாகோவில் வாழ்ந்து, சிகாகோவில் பாடம் நடத்தியவர். கண்ணாடிப் பெட்டி போன்ற அந்தக் கட்டட வடிவத்தை முதலில் எங்கள் ஏரிக்கரையில் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போனார்.

ஐயா மணியில் கை வைத்துவிட்டார், இதோ முடித்துவிடுகிறேன். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தில் ஆட்லர் கோளரங்கம் இருக்கிறது. அதன் வெளியே கான்கிரீட் படிகள். டிக்கெட் கிடையாது, லிஃப்ட் கிடையாது. போன சனிக்கிழமை சாயங்காலம் அங்கே இருந்தேன். எனக்குப் பக்கத்தில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்த ஒருவர், ஓட்டல் சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கியது. இடது பக்கம் சியர்ஸ், வலது கோடியில் ஹான்காக், இரண்டு கறுப்புக் கோபுரங்கள். நடுவில் உள்ளதெல்லாம் முதலில் இருண்டு ஒரே கோடாகத் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு வந்தது, தண்ணீரிலும் வந்தது. அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நடுவர் அவர்களே, ஒரே ஒரு சாயங்காலம் அந்தப் படியில் வந்து உட்காருங்கள். அதன் பிறகு தீர்ப்பை எழுதுங்கள். நன்றி, வணக்கம்.