கேட்கிற குழந்தைக்குப் பதில் வேண்டும்

நடுவர் அவர்களே, மாட்டுங்கா அரங்கம் நிறைய வந்திருக்கும் மும்பைத் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். நாட்டை உலுக்கிய துயரங்களைச் சிறு குழந்தைகளிடம் சொல்லலாமா, கூடாதா என்பது தலைப்பு. சொல்லத்தான் வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் உருக்கமாகப் பேசினார். "பிஞ்சு மனதில் ஏன் ரத்தத்தைத் தெளிக்கிறீர்கள்?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். அவர் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் தாராவியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. அந்தப் பிஞ்சுகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நாம்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 26 வந்தால் தொலைக்காட்சியில் தாஜ் ஓட்டல் எரிகிறது. அது 2008இல் தீவிரவாதிகள் மும்பையைத் தாக்கியபோது எரிந்தது என்பது நமக்குத் தெரியும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது இப்போது எரிகிறது. நாலு முறை காட்டினால் நாலு முறை எரிகிறது. "சத்தத்தைக் குறை, பிள்ளை இருக்கிறது" என்கிறார் அப்பா. சத்தம் குறைகிறது, படம் ஓடுகிறது.

என் வகுப்புச் சிறுமி ஒருத்தி, சென்னை மெயிலில் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். காதருகே வந்து, "டீச்சர், வி.டி. ஸ்டேஷனில் அந்தத் துப்பாக்கிக்காரன் இன்னும் நிற்கிறானா?" என்று கேட்டாள். தாஜையும் வி.டி. ரயில் நிலையத்தையும் தாக்க வந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் அப்போதே கொல்லப்பட்டார்கள். பத்தாமவன் 2012இல் தூக்கிலிடப்பட்டான். அதற்குப் பல வருடங்கள் கழித்துப் பிறந்த குழந்தைக்கு அவன் இன்னும் வி.டி.யில் நிற்கிறான்! அண்ணன் சொல்கிற மௌனம் அந்த வீட்டில் முழுமையாக இருந்தது. அது அவளை எதிலிருந்து காப்பாற்றியது?

"இல்லை கண்ணு, அவர்கள் யாரும் இப்போது இல்லை" என்றேன். சௌபாத்தி கடற்கரையில் துக்காராம் ஓம்ப்ளே என்ற போலீஸ்காரர், கையில் வெறும் லத்தியோடு, ஒருவனின் துப்பாக்கியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு விடாமல் நின்றதைச் சொன்னேன். அவர் இறந்துபோனார் என்பதையும் சொன்னேன். வி.டி.யில் விஷ்ணு ஜெண்டே என்ற அறிவிப்பாளர், ஓடி ஒளியாமல், எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று பயணிகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்ததைச் சொன்னேன். "மைக்கிலா சொன்னார்?" என்றாள். "மைக்கில்தான்" என்றேன். அதற்குப் பிறகு அவள் துப்பாக்கிக்காரனைப் பற்றிக் கேட்கவில்லை, மைக் மாமாவைப் பற்றித்தான் கேட்டாள்.

இறந்தவர்கள் 166 பேர் என்ற கணக்கை நான் சொல்லவில்லை. ரத்தத்தைச் சொல்லவில்லை. ஒரு படமும் காட்டவில்லை. அவள் கேட்டதற்குப் பதில், அவள் நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்தினேன். "தூங்கிவிட்டார்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், தாய்மார்களே. அன்று இரவு பிள்ளை தூங்கப் பயப்படும். இறந்துவிட்டார்கள், எல்லோருக்கும் வருத்தம், எனக்கும் வருத்தம் என்று சொல்லுங்கள். காரணம் சொல்லாமல் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டால், தான் ஏதோ சேட்டை செய்ததால்தான் அம்மா அழுகிறாள் என்று அது முடிவு கட்டிவிடும்.

அடுத்ததைத் தாராவிக்காரி என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன். நாம் சொல்லாமல் விட்ட இடம் காலியாக இருக்காது. பள்ளி வேனில் ஒரு பையன் ஒரு முஸ்லிம் பையனிடம், "உங்கள் ஆட்கள்தான் சுட்டார்கள்" என்கிறான். இருவருக்கும் ஏழு வயது. இரண்டு குடும்பமும் திருநெல்வேலியிலிருந்து வந்தவை. 1992-93 இந்து-முஸ்லிம் கலவரத்தைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செத்த ஒன்பது தீவிரவாதிகளுக்கு எங்கள் கபரஸ்தானில், அதாவது அடக்க இடத்தில், இடமில்லை என்று மும்பை முஸ்லிம்களே மறுத்துவிட்டார்களே, அதை அந்தப் பையனிடம் யார் சொன்னார்கள்? நாம் வாயை மூடிக்கொண்டோம், வேன் பேசியது.

சரி, "திரும்பவும் வருவார்களா?" என்று கேட்டால்? இதுதான் கடினமான கேள்வி. வரவே மாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். 2011இல் ஜவேரி பஜாரிலும் ஓபரா ஹவுஸிலும் தாதரிலும் குண்டு வெடித்த ஊர் இது. "வராமல் பார்த்துக்கொள்ள நிறையப் பேர் ராத்திரி பகலாக வேலை செய்கிறார்கள். ஸ்டேஷனில் பையைச் சோதிக்கிறார்களே, அது அதற்குத்தான். கூட்டத்தில் என் கையை விடாதே. விட்டுப்போனால் போலீஸ் மாமாவிடம் போய் அப்பாவின் போன் எண்ணைச் சொல்" என்பேன். எண்ணை மனப்பாடமும் செய்ய வைப்பேன்.

மறைக்கத்தான் வேண்டும் என்கிற அணியில் அடுத்துப் பேச வருபவர், இதே கேள்வியோடு அவர் வீட்டுப் பிள்ளை வந்து நின்றால் என்ன சொல்வார் என்பதை இந்த மேடையில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.