எட்டுக் குதிரைகள் ஓடின, ஓர் அடிகூட நகரவில்லை!

[திரையில்: கறுப்பு வெள்ளைக் காட்சி. புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு கவ்பாய் வருகிறார்.]

இந்தக் குதிரைமேல் இருப்பவருக்கு என்ன வயதிருக்கும்? வீடியோவை நிறுத்திவிட்டு கமென்ட்டில் ஒரு எண்ணைப் போடுங்கள். ஏமாற்றக் கூடாது.

நாற்பது? நாற்பத்தைந்து? படம் வெளியான 1925 டிசம்பரில் இவருக்கு 61 வயது முடிந்திருந்தது. பெயர் வில்லியம் எஸ். ஹார்ட். சினிமாவுக்கு வந்ததே ஐம்பதை நெருங்கும்போதுதான். இது இவர் கதாநாயகனாக நடித்த கடைசிப் படம், 'டம்பிள்வீட்ஸ்'. காற்றில் உருண்டு போகும் காய்ந்த புதருக்கு அந்தப் பெயர். எங்கேயும் வேர் பிடிக்காத கவ்பாய்களையும் படத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கதையின் பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களே ஓட்டிவிடுவீர்கள். இன்றைய ஓக்லஹோமாவின் வடக்கில் அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களுக்குச் சொந்தமாகச் சுமார் 60 லட்சம் ஏக்கர் நிலம் இருந்தது. அமெரிக்க அரசு அதை ஏக்கருக்கு ஒன்றரை டாலர்கூடக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டது. 'வாங்கியது' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அப்புறம் அதைப் பங்கு போட ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பந்தயம்! 1893 செப்டம்பர் 16, நண்பகல். வெடிச் சத்தம் கேட்டதும் எல்லைக்கோட்டிலிருந்து எல்லோரும் ஓட வேண்டும். காலி இடத்தில் முதலில் போய்க் கம்பு நட்டவருக்கு 160 ஏக்கர். வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இருந்த நிலத்துண்டுகளோ சுமார் 42 ஆயிரம்தான். குதிரை, வண்டி, சைக்கிள், ரயில் என்று கிடைத்ததில் எல்லாம் ஏறினார்கள். எதுவும் கிடைக்காதவர்கள் நடந்தே போனார்கள்.

நேரத்துக்கு முன்னாலேயே உள்ளே புகுந்து ஒளிந்துகொண்ட திருட்டுக் கூட்டமும் உண்டு. அவர்களுக்கு 'சூனர்' என்று பெயர், அதாவது முந்திக்கொண்டவர்கள். கதையில் நம் ஹீரோ டான் கார்வர், அதாவது ஹார்ட், வழிதவறிய மாடுகளை ஓட்டிவர உள்ளே போகிறார். வில்லன்கள் சும்மா இருப்பார்களா? 'சூனர்' என்று பழி சுமத்திச் சிறை வைத்துவிடுகிறார்கள். படத்தில் அது அவமானம். இன்றைக்கு ஓக்லஹோமாவின் செல்லப் பெயரே 'சூனர் மாநிலம்'. அங்கே பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணிக்கும் அதே பெயர். திருட்டுப் பட்டத்தை டீ-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

சரி, தலைப்புக்கு வருவோம். எனக்குத் தூக்கம் போனது இந்த இடத்தில்தான்.

[திரையில்: பழைய நாடக அரங்கின் ஓவியம்.]

சினிமாவுக்கு வருவதற்கு முன் ஹார்ட் நாடக நடிகர். 1899-இல் நியூயார்க் பிராட்வேயில், ரோமானியர் காலத்துக் கதையான 'பென்-ஹர்' முதன்முதலாக நாடகமாக மேடையேறியபோது வில்லன் மெஸாலா இவர்தான். அந்தக் கதையென்றால் தேர்ப் பந்தயம் வேண்டுமே, அதை மேடையில் எப்படிக் காட்டுவது? யோசித்துப் பாருங்கள்.

நிஜக் குதிரைகளையே ஓடவிட்டார்கள். தேருக்கு நான்கு, மொத்தம் எட்டு. ஒவ்வொன்றின் காலடியிலும் டிரெட்மில்! ஜிம்மில் நாம் இரண்டு நாள் ஓடிவிட்டு மூன்றாம் நாள் துண்டு காயப்போடுகிறோமே, அதேதான். குதிரைகள் நாலுகால் பாய்ச்சலில் ஓடும், ஆனால் நின்ற இடத்திலேயே நிற்கும். பின்னால் ஜனக்கூட்டம் வரைந்த பிரம்மாண்டமான திரை எதிர்த்திசையில் சுழலும். தேர்ச் சக்கரத்தை ரப்பர் உருளைகள் சுற்றிவிடும். புழுதி பறக்க மின்விசிறி. சரி, ஒருவர் மற்றவரை முந்த வேண்டுமே? டிரெட்மில் பொருத்திய மேடையையே, தேரும் குதிரையுமாகத் தண்டவாளத்தில் முன்னால் தள்ளிவிடுவார்கள். இதெல்லாம் கம்ப்யூட்டர் கிராபிக்ஸுக்கு எத்தனையோ காலம் முன்னால்! இன்றைக்குப் பச்சைத் திரை முன் நின்றுகொண்டு அலுத்துக்கொள்ளும் நடிகர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

மெஸாலா வில்லன் அல்லவா, ஒவ்வொரு காட்சியிலும் தேர்ச் சக்கரம் கழன்று ஹார்ட் தோற்றே ஆக வேண்டும்.

அந்த மனிதருக்குத்தான் இருபத்தாறு வருடம் கழித்து ஒரு முழுச் சமவெளி கிடைக்கிறது. படத்தில் எல்லோரும் ஓடிப்போன பிறகு தப்பித்து, கடைசி ஆளாகக் கிளம்புகிறார். ஒவ்வொரு வண்டியாக முந்துகிறார். ஒரு ஷாட்டில் குதிரை மேட்டின்மேல் பாய்ந்து வரும்போது தரை கண்ணில் படாது, வானத்தில் ஓடுவதுபோல் இருக்கும். என்னைக் கேட்டால், கூட்டமாக ஓடும் பெரிய காட்சிகளைவிட இந்தச் சில நொடிகள்தான் படம்.

வேடிக்கை என்னவென்றால் 'பென்-ஹர்' சினிமாவாக எடுக்கப்பட்டு வெளியானதும் அதே 1925 டிசம்பரில். பழைய மெஸாலாவும் புதிய தேர்ப் பந்தயமும் ஒரே மாதத்தில் தியேட்டரில்! அதற்குமேல் 'டம்பிள்வீட்ஸ்' ஓடியதா, யார் விளம்பரம் செய்தார்கள் என்பதெல்லாம் தனி வழக்கு. நிஜமாகவே வழக்கு, ஹார்ட் கோர்ட்டுக்குப் போனார். வேண்டுமென்றால் இன்னொரு வீடியோ போடுகிறேன்.

கடைசியாக ஒன்று. 1939-இல் இந்தப் படத்தை மறுபடி வெளியிட்டபோது, முன்னால் ஒரு சிறு துண்டைச் சேர்த்தார்கள். ஹார்ட் தன் பண்ணையில் கவ்பாய் உடையில் நின்று சுமார் எட்டு நிமிடம் பேசுகிறார். அவர் நடித்ததெல்லாம் ஊமைப்படங்கள், சினிமாவில் அவர் குரல் கேட்பது அந்த ஒரு தடவைதான். புழுதிக்குள்ளிருந்து பழைய கூட்டாளிகள் கூப்பிடுவதுபோலவும், தன் குதிரை சேணம் காலியாக வந்து நிற்பதுபோலவும் சொல்லும்போது குரல் உடைகிறது. அந்தக் குதிரை ஃபிரிட்ஸ். முந்தின வருடம்தான் இறந்து, அதே பண்ணையில் புதைக்கப்பட்டிருந்தது.

படம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பெரும்பாலும் அந்த எட்டு நிமிடம் முன்னால் ஒட்டியே இருக்கும். அதைத் தள்ளிவிட்டுப் படத்தை முதலில் பாருங்கள். பந்தயம் முடிந்ததும் திரும்பி வந்து அந்தக் குரலைக் கேளுங்கள்.