காற்றுக்கு எதிரே ஒரு படகு

நேயர்களுக்கு வணக்கம்.

இயற்பியல் சொல்லித் தர மாணவர்களைப் பாய்மரப் படகில் ஏற்றுவது என் வழக்கம். ஏற்றுவதற்கு முன் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். காற்று வடக்கிலிருந்து வீசுகிறது, நாம் வடக்கேதான் போக வேண்டும், எப்படிப் போவது? துடுப்பு போடலாம் என்பார்கள். காற்று மாறும்வரை காத்திருக்கலாம் என்பார்கள். பாயை வைத்தே போகலாம் என்று சொன்னால் சிரிப்பார்கள். நியூட்டனின் மூன்று விதிகளையும் எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிறவர்களும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்வார்கள்.

நேர் எதிரே போக முடியாது என்பது உண்மைதான். ஆனால் காற்றுக்கு ஏறத்தாழ 45 டிகிரி சாய்வாகப் போகலாம். கொஞ்ச தூரம் வலப்பக்கம், அப்புறம் திரும்பி இடப்பக்கம் என்று மாறி மாறிப் போனால் வடக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

எப்படி? பாய் காற்றைத் திருப்பிவிடுகிறது, காற்று பாயைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் பெரும்பகுதி பக்கவாட்டில், கொஞ்சம்தான் முன்னோக்கி. பக்கவாட்டுத் தள்ளலைத் தடுப்பது தண்ணீருக்குள் செங்குத்தாக இறங்கியிருக்கும் நடுப்பலகை. இதைக் கரும்பலகையில் விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆகும். படகில் அரை நிமிடம் போதும். மெல்லிய காற்றில், அந்தப் பலகையை மேலே தூக்கச் சொல்வேன். படகு சருகு மாதிரி பக்கவாட்டில் நழுவ ஆரம்பிக்கும். பலகையை இறக்கியதும் மறுபடி முன்னே போகும். அதன்பிறகு விசையைக் கூறுகளாகப் பிரிப்பது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

காற்று பாயை எப்படித் தள்ளுகிறது என்பதற்கு வகுப்புகளில் தரும் ஒரு விளக்கத்தைப் பற்றி இங்கே ஒரு குறை சொல்ல வேண்டும். பாயின் வளைந்த பக்கத்தில் காற்றுக்கு அதிக தூரம், அதனால் அது வேகமாக ஓடி மறுபக்கக் காற்றோடு ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்கிறது என்று இன்னமும் சிலர் சொல்லித் தருகிறார்கள். அது தவறு. பாய் என்பது மெல்லிய துணி, இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே நீளம்தானே!

அடுத்தது ரிப்பன். பாய்மரத்தின் உச்சியில் ஒரு ரிப்பனைக் கட்டிவிடுவோம். காற்று சரியாகப் பக்கவாட்டில், நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வீசுவதாக வைத்துக்கொள்வோம். படகு நிற்கும்போது ரிப்பன் குறுக்கே பறக்கும். படகு நொடிக்கு 3 மீட்டர் வேகம் எடுத்ததும் அது பின்பக்கமாகத் திரும்பும். படகில் இருப்பவருக்குக் காற்று முன்பக்கம் 53 டிகிரியிலிருந்து 5 மீட்டர் வேகத்தில் வருவதுபோல் தெரியும். கணக்கு வகுப்பில் பார்த்த அதே 3, 4, 5 முக்கோணம்தான். சார்புத் திசைவேகத்தை, அதாவது நகர்கிறவருக்குத் தெரியும் வேகத்தையும் திசையையும், இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவி எனக்குத் தெரியாது.

காற்று வலுத்தால் படகு சாயும். 40 கிலோ எடையுள்ள மாணவி நடுக்கோட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், படகை நிமிர்த்தும் திருப்புத்திறன், அதாவது எடையையும் தூரத்தையும் பெருக்கி வரும் சுழற்றும் திறன், சுமார் 200 நியூட்டன் மீட்டர். உடலை வெளியே சாய்த்து அந்தத் தூரத்தை ஒரு மீட்டர் ஆக்கினால் 400. ஆனால் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மீதான விசை நான்கு மடங்காகும். எவ்வளவு சாய்ந்தாலும் போதாது, பாயின் கயிற்றைத் தளர்த்திக் காற்றை விட்டுவிடத்தான் வேண்டும். வேகத்தின் வர்க்கம் என்பதை முதுகுத் தசையால் படித்தவர்கள் தேர்வில் மறப்பதில்லை.

கப்பியும் மிதப்பு விசையும் இதே படகில் இருக்கின்றன. அவற்றை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உயிர்காப்பு மேலாடை, நீச்சல், பக்கத்திலேயே ஒரு மீட்புப் படகு, இவை மூன்றும் இல்லாமல் யாரையும் தண்ணீரில் இறக்கக் கூடாது. கவிழ்ந்த படகை நிமிர்த்துவதைத்தான் முதல் நாளே சொல்லித் தர வேண்டும்.

படகு கிடைக்காத பள்ளிகள் என்ன செய்வது? ஓர் அகலமான தொட்டி, ஒரு மரக்கட்டை, அடியில் செருகிக் கழற்றக்கூடிய ஒரு தகடு, காகிதப் பாய், மேசை மின்விசிறி. பாயைச் சாய்வாக வைத்து, தகட்டோடு ஒரு முறை, தகடு இல்லாமல் ஒரு முறை விட்டுப் பாருங்கள். மின்விசிறியைத் தண்ணீரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.