கலோரிக் கணக்கு: எங்கே நிறுத்துவது?

நேயர்களுக்கு வணக்கம். மதிய வேளையில் உணவங்காடி நிலையத்தில் சற்றுச் சுற்றிப் பாருங்கள். தட்டு மேசைக்கு வந்ததும் கரண்டியை எடுக்காமல் கைத்தொலைபேசியை எடுப்பவர்கள் இருப்பார்கள். படம் பிடிக்க அல்ல. சோறு எத்தனை கரண்டி, மீன் எவ்வளவு பெரிசு, குழம்பில் எண்ணெய் உண்டா என்று செயலியில் பதிந்துவிட்டுத்தான் முதல் வாய்.

அதில் தவறில்லை என்றுதான் ஆரம்பிக்கிறேன். நீரிழிவுக்கு எதிரான போர் என்று சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2016ல் அறிவித்தபோது, அந்த நோயில் நம் இந்தியச் சமூகத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். என்ன சாப்பிடுகிறோம் என்று இரண்டு வாரம் எழுதிப் பார்த்தால், தேத்தண்ணீரில் போகும் கட்டிப்பாலும் பரோட்டாவில் போகும் எண்ணெயும் கண்ணுக்குத் தெரிய வரும். நல்ல விஷயம். நான் பேச வந்தது, அந்த இரண்டு வாரம் இரண்டு வருஷமாகி, ஒரு வேளை பதிய முடியாமல் போனால் அன்றைக்குச் சாப்பிடவே மனம் வராதவர்களைப் பற்றி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மாவுச்சத்தைக் கணக்கிட்டு ஊசியின் அளவைத் தீர்மானிப்பது வேறு கதை. அது சிகிச்சை. இந்த உரையைக் கேட்டுவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள்.

சரி, செயலி காட்டும் அந்தக் கலோரி எண் எங்கிருந்து வருகிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளர் போட்டுக் கொடுத்த கணக்குதான் இன்றைக்கும் அட்டைகளில் ஓடுகிறது. புரதம் ஒரு கிராமுக்கு 4 கலோரி, மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9. இவை சராசரிகள். உங்கள் குடல் ஒவ்வொரு உணவிலிருந்தும் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதை அவை அளப்பதில்லை. பாதாம் பருப்பை 2012ல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் மனிதர்களுக்கே கொடுத்துச் சோதித்தார்கள். 28 கிராம் பாதாமில் அட்வாட்டர் கணக்குப்படி ஏறத்தாழ 170 கலோரி. உடலுக்குக் கிடைத்தது 129தான். மீதிக் கொழுப்பு பருப்பின் செல்சுவருக்குள்ளேயே மாட்டிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. பாக்கெட் உணவின் கதையும் அப்படித்தான். அட்டையில் போட்டதைவிடக் கலோரி 20 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தாலும் அமெரிக்க விதிப்படி அது குற்றமில்லை.

பாக்கெட்டுக்கே இந்த நிலை. நம் வீட்டு அடுப்புக்கு வாருங்கள். சாம்பார் வைக்கிறீர்கள். துவரம்பருப்பு 100 கிராம், அதில் ஏறத்தாழ 340 கலோரி. தாளிக்க எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, அது ஒரு 80. பானை மொத்தத்துக்கும் கூட்டிவிடலாம். ஆனால் உங்கள் கரண்டியில் வந்தது அடியில் தங்கிய பருப்பா, நடுவில் நிற்கும் புளித்தண்ணீரா, மேலே மினுங்கும் எண்ணெயா? முதலில் ஊற்றிக்கொள்பவருக்குத் தெளிவு, கடைசியில் வருபவருக்குக் கெட்டி. ஒரே பானைதான், ஆளுக்கு ஆள் கலோரி வேறு. தோசைக்கல்லும் இதே கதைதான். எண்ணெயை ஒரு சுற்றுச் சுற்றினால் 40 கலோரி, அம்மா பாசத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றினால் 80.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று, செயலி வைத்திருப்பவர்கள் பலர் செய்வது. அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 360 கலோரி. வெந்த சோறு 100 கிராமில் 130. வேகும்போது தண்ணீரைக் குடித்து எடை கூடுகிறது, அவ்வளவுதான். தட்டில் இருக்கும் 200 கிராம் சோற்றை நிறுத்துவிட்டு, செயலியில் ‘அரிசி’ என்று தேடி முதலில் வருவதை அழுத்தினால், 260 என்று விழவேண்டிய இடத்தில் 720 விழும். அதைப் பார்த்துப் பயந்து இரவுச் சாப்பாட்டை விட்டவர்கள் உண்டு. சோறு கூடவில்லை, பதிவுதான் தப்பு.

எதற்கு இவ்வளவு நேரம் இதைச் சொல்கிறேன்? நாள் முழுக்க 1,500 என்று பதிந்திருந்தால், 15 விழுக்காடு பிழை என்று வைத்தாலும், உண்மையில் உள்ளே போனது 1,275 ஆகவும் இருக்கலாம், 1,725 ஆகவும் இருக்கலாம். அப்படியிருக்க, 30 கலோரி கூடிவிட்டது என்று ராத்திரி பத்து மணிக்கு மாடிப்படி ஏறி இறங்குகிற பிள்ளை எதைச் சரிசெய்கிறது? அளவுகோலின் பிழையே அந்த முப்பதைப் போல ஏழு மடங்கு. மணிக்கட்டுக் கடிகாரமும் கைகொடுக்காது. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம் 2017ல் ஏழு கருவிகளைச் சோதித்ததில், எரித்த கலோரியைச் சொல்வதில் ஆகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு தவறியது. ஆகவே கணக்கைப் பார்க்கலாம், கணக்குக்குக் கட்டுப்பட முடியாது. இதை இன்னொரு தரமும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது எப்போது எல்லை தாண்டுகிறது? எண் தெரியாத உணவு எதுவும் வேண்டாம் என்று ஆகும்போது. தீபாவளிக்கு அத்தை வீட்டுக்குப் போகிறோம். முறுக்குத் தட்டு சுற்றி வருகிறது. பதினேழு வயதுப் பெண், ஒன்றை மரியாதைக்காக எடுத்துக் கையில் வைத்திருக்கிறாள். மேசைக்கு அடியில் மறு கை ‘முறுக்கு’ என்று தட்டுகிறது. ஐந்தாறு பதில் வருகின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு எண். எதை நம்புவது என்று தெரியவில்லை. ஆக அதிகமான எண்ணைப் பதிந்துவிட்டு, முறுக்கைக் கைக்குட்டையில் மடித்துப் பைக்குள் வைக்கிறாள். சாப்பிடாத முறுக்கும் கணக்கில் ஏறிவிட்டது. அந்த இடத்தில்தான் பெரியவர்கள் விழித்துக்கொள்ள வேண்டும்.

மற்ற அடையாளங்களும் இதே ரகம்தான். அம்மா சமைத்ததைவிட அட்டை ஒட்டிய டப்பா உணவு மேல் என்று நினைப்பது. காலையிலும் மதியத்திலும் பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பியை மட்டும் குடித்துக் கலோரியை ‘சேமித்து’, இரவு பதினோரு மணிக்குக் குளிர்சாதனப் பெட்டி முன் நின்று கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டு, மறுநாள் அதற்குத் தண்டனையாகப் பட்டினி கிடப்பது. இலக்கு 1,500ல் இருந்து 1,300, அப்புறம் 1,100 என்று இறங்கிக்கொண்டே போவது. உடம்பும் சொல்லும்: நம் ஊர் வெயிலில் கை கால் சில்லிடுவது, தலை சீவினால் கொத்தாக முடி வருவது, மலச்சிக்கல், எழுந்து நின்றால் கண் இருட்டுவது, பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவது அல்லது நின்றேவிடுவது. இது பெண்பிள்ளை விவகாரம் என்று ஒதுக்காதீர்கள். தேசிய சேவைக்கு முன்னால் எடையைக் குறைக்க ஆரம்பித்து நிறுத்தத் தெரியாமல் போகிற பையன்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பது இன்னும் தாமதமாகிறது, ஏனென்றால் எல்லாரும் பாராட்டிக்கொண்டிருப்பார்கள்.

இங்கே ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் இந்தத் தலைப்பை என்னால் முடிக்க முடியாது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டம், 1944 நவம்பர். ஐரோப்பா பட்டினி கிடக்கிறது. பட்டினி கிடந்தவர்களை எப்படிச் சாப்பாட்டுக்குத் திருப்புவது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆயுதம் எடுக்க மறுத்த 36 இளைஞர்களை அவர்களுடைய சொந்த விருப்பத்தின் பேரில் சேர்த்துக்கொள்கிறார். எல்லாரும் உடலாலும் மனத்தாலும் நல்ல ஆரோக்கியம், அதைப் பார்த்துத்தான் பொறுக்கினார்கள். முதல் மூன்று மாதம் நாளுக்கு ஏறத்தாழ 3,200 கலோரி. அப்புறம் ஆறு மாதம் சராசரி 1,570. உருளைக்கிழங்கு, ரொட்டி, மக்ரோனி, கிழங்கு வகைகள், நாளுக்கு இரண்டு வேளை. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும்.

எடை நான்கில் ஒரு பங்கு போனது, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது மனசில் நடந்தது. அதுவரை சமையல் பக்கமே போகாத ஆண்கள் சமையல் புத்தகங்களை வாங்கி ராத்திரி படுத்துக்கொண்டு படித்தார்கள். குறிப்புகளை நகலெடுத்து வைத்தார்கள். இத்தனூண்டு சாப்பாட்டைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, உப்பும் மசாலாவும் கொட்டி, இரண்டு மணி நேரம் இழுத்துச் சாப்பிட்டார்கள். தட்டை நக்கினார்கள். காப்பி குடித்தே வயிற்றை ஏமாற்றியதால் நாளுக்கு ஒன்பது கோப்பைக்கு மேல் கிடையாது என்று வரம்பு போட வேண்டியதாயிற்று. சூயிங்கத்துக்கும் வரம்பு. பேச்சு, கனவு எல்லாம் சாப்பாடு. நண்பர்களோடு சேருவதில் விருப்பம் போய்விட்டது, கோடையில் குளிர்ந்தது, எரிச்சல், சோர்வு. திரும்ப நிறையச் சாப்பிடக் கொடுத்த பிறகும் பலருக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வயிறு நிறைந்த உணர்வே வரவில்லை.

கவனியுங்கள், இவர்களில் யாருக்கும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை கிடையாது. கண்ணாடி முன் நின்று அழுதவர்கள் இல்லை. பட்டினி ஒன்றே போதுமானதாக இருந்தது. அந்த 1,570 என்ற எண்ணையும் கவனியுங்கள். இருபது வயதுப் பையன்கள் இன்றைக்குச் செயலியில் தாங்களே போட்டுக்கொள்ளும் இலக்கு பல நேரம் அதைவிடக் குறைவு. ‘இவன் ஏன் எந்நேரமும் சாப்பாட்டு வீடியோவாகவே பார்க்கிறான், ஆனால் சாப்பிட மாட்டேன் என்கிறான்’ என்று வீட்டில் கேட்கிறார்கள். மின்னசோட்டாவில் சமையல் புத்தகம் படித்தவர்களும் இதைத்தான் செய்தார்கள். கணக்குப் போட்டுக் குறைவாகச் சாப்பிடுகிறோம், பசித்த மூளை சாப்பாட்டையே நினைக்கிறது, அந்த நினைப்பைக் கட்டிப்போட இன்னும் இறுக்கிக் கணக்குப் போடுகிறோம். ஆகவே ‘மனசைத் திடப்படுத்திக்கொள்’ என்று சொல்வதில் பயனில்லை. முதலில் வயிற்றுக்குச் சோறு.

இந்தக் கணக்கை எப்படி இறக்கி வைப்பது? மாதவிலக்கு நின்றவர்கள், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் பருமன் குறியீடு (BMI) 18.5க்குக் கீழே போனவர்கள், நாள்கணக்கில் மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்கள் வீட்டில் தாங்களாகச் செய்ய வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் இறங்கி இதயத்துக்கே ஆபத்து வரும். மற்றவர்கள் படிப்படியாகச் செய்யலாம். முதல் வாரம் உணவின் பெயரை மட்டும் எழுதுங்கள், எண்ணை எழுதாதீர்கள். பல செயலிகளில் கலோரியை மறைக்க வழி உண்டு, இல்லாவிட்டால் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். இரண்டாம் வாரம் காலை உணவை எழுதுவதை விடுங்கள், ஏனென்றால் தினமும் ஏறக்குறைய அதே இட்லி, அதே ரொட்டிதான், பயம் குறைவு. பிறகு மதியம், கடைசியில் இரவு. சமையலறைத் தராசைக் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். மூன்று வேளை, இடையில் சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு வேண்டாம். அளவுக்குத் தட்டே போதும்: பாதி காய்கறி, பழம், கால் பங்கு சோறு அல்லது சப்பாத்தி, கால் பங்கு மீன், கோழி, பருப்பு. சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டும் இதுதான்.

எங்கே சறுக்கும் என்றும் சொல்ல வேண்டும். சோறு கூடச் சாப்பிட ஆரம்பித்த நாலைந்து நாளில் எடை ஒரு கிலோ, இரண்டு கிலோ ஏறும். உடனே பயந்து செயலிக்குத் திரும்பிவிடுகிறார்கள். உடம்பு மாவுச்சத்தைத் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கும்போது, ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்து வைக்கிறது. ஏறியது பெரும்பாலும் அந்தத் தண்ணீர். ஒரு கிலோ கொழுப்பு ஏற ஏறத்தாழ 7,700 கலோரி மிகையாகச் சாப்பிட வேண்டும், நாலு நாளில் அப்படி யாரும் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். இன்னொரு சறுக்கல், கலோரியை விட்டுவிட்டு நடை எண்ணிக்கையையோ விரத மணியையோ பிடித்துக்கொள்வது. அது வேறு வாசல் வழியாக அதே வீட்டுக்குள் நுழைவதுதான்.

நேரம் குறைவாக இருக்கிறது, வீட்டில் இருப்பவர்கள் எப்படிப் பேசுவது என்பதற்குத் தனியாகப் பத்து நிமிடம் வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். சாப்பாட்டு மேசையில் பேசாதீர்கள். ‘நல்லா இளைச்சிட்டியே’யும் வேண்டாம், ‘எலும்பும் தோலுமா ஆயிட்டே’யும் வேண்டாம். எடையை விட்டுவிட்டு, ‘கொஞ்ச நாளாக எங்களோடு வெளியே சாப்பிட வர மாட்டேன் என்கிறாயே, என்னம்மா’ என்று கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தாலோ, சாப்பிட்டதும் வாந்தி எடுத்தாலோ, சாப்பாட்டு நினைப்பே வாழ்க்கையை நடத்துகிறது என்று பிள்ளையே சொன்னாலோ காத்திருக்க வேண்டாம். மயங்கி விழுந்தால், நெஞ்சு படபடத்தால், விழித்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழே போனால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஓட்டப் பயிற்சி செய்வதால்தான் நாடி குறைவு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

மற்றபடி பலதுறை மருந்தகத்தில் ஆரம்பிக்கலாம். பரிந்துரைக் கடிதம் அங்கேயே கிடைக்கும், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் உணவுக் கோளாறுகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி எண் 1771, மனநலக் கழகத்தின் எண் 6389 2222, இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. இன்னொரு முறை சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: 1771, அடுத்தது 6389 2222. நன்றி, வணக்கம்.